சுப்பம்மாவின் டீயில் உப்பு இல்லை

சுப்பம்மாவுக்குக் கோபம் வந்த நாளில் டீ பிரமாதமாக இருக்கும். சந்தோஷமான நாளில் பேச்சு மும்முரத்தில் இஞ்சி போட மறந்துவிடுவாள், சர்க்கரை இரண்டு தடவை விழும். யாரிடமாவது மல்லுக்கு நின்றுவிட்டு வந்தாளானால் ஒரு வார்த்தை பேசாமல், இஞ்சியை எவனுடைய மண்டையாகவோ நினைத்து நசுக்கிப் போடுவாள். அந்த டீயைக் குடித்துவிட்டு வாதாடப் போனால் எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருக்கும். பல வருஷம் குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நான் ஸ்ரீரஞ்சனி. மயிலாப்பூரில் வீடு, தொழில் வக்கீல். கோபம் எனக்கும் மூக்கு நுனியில்தான். ஆனால் அதனால் எங்கள் வீட்டில் எதுவும் ருசித்ததாக என் கணவர் இதுவரை சொன்னதில்லை.

சுப்பம்மா மந்தைவெளிக்கு அந்தப் பக்கம் கால்வாய் ஓரத்துக் குடியிருப்பில் பிறந்தவள். அங்கேயே வாக்கப்பட்டு, அங்கேயே ரத்னா என்ற ஒரே பெண்ணைப் பெற்று வளர்த்தாள். கணவன் பெயின்டர், மஞ்சள் காமாலையில் போய்விட்டான். டீக்கடை வந்த கதையை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

"சாவுக்கு வந்தவங்கோ எல்லாம் ரெண்டாவது டீ கேட்டாங்கோ ரஞ்சிம்மா. அழுதுகினே இருக்கேன், ஒரு கெயவி வந்து, 'இன்னொரு கிளாஸ் இருந்தா குடு'ன்னுது. அப்பவே முடிவு பண்ட்டேன், இத்தயே ரோட்ல போட்டு விக்கலாம்னு."

அடையாறு பாலத்தைத் தாண்டித் தள்ளுவண்டியை நிறுத்தினாள். எதிரே ஒரு பெரிய அரசுக் கட்டடம். அதுதான் வாரியம். முழுப் பெயர் எதற்கு, வாரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரமும் கால்வாயோரமும் குடியிருப்பவர்களுக்கு வீடு ஒதுக்குவது அதன் வேலை. ஒதுக்கியதில் தப்பு நடந்துவிட்டது என்றால் முறையிட ஒரு தீர்ப்பாயமும் இருந்தது. எங்கே இருந்தது? அதே கட்டடத்தில், மூன்றாவது மாடியில்.

தலைவராக உட்கார்ந்திருந்தவர் வாரியத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதிகாரி. அவரை நியமித்தது வாரியம். பதவி முடிந்தால் நீட்டிப்புக் கொடுக்க வேண்டியதும் வாரியம். வந்து இறங்கும் கார், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன், எல்லாம் வாரியத்தின் உபயம். பதினோரு மணியானால் வாரியத்து கேன்டீனிலிருந்து டீயும் முந்திரி பிஸ்கட்டும் மேலே போகும். வாரியத்தின் மேல் புகார் சொல்லி ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். அவர் வாரியத்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே கேட்பார். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டிருந்தது.

வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாக வாசலில் நின்று வழக்குகளைக் கூப்பிடும் தபேதார் துரைராஜும் வாரியத்துச் சம்பளக்காரர்தான். நல்ல மனிதர். நல்ல குரல். மனுதாரர் பெயரை மூன்று முறை கணீரென்று கூப்பிடுவார். எதிர்மனுதாரர் முறை வரும்போது மட்டும் குரலில் ஒரு குழைவு ஏறும். "நம்ம வாரியம்!" என்பார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "நம்ம என்றால் யாருடைய வாரியம்?" என்று கேட்டேன். தலைவர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "அது பேச்சு வழக்கும்மா, விடுங்க" என்றார். நான் விடவில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டேன்.

மனுவில் நியமனம், பதவிக்காலம், நிதி, ஊழியர் என்று பெரிய விஷயங்களை எல்லாம் எழுதினேன். டீயைப் பற்றியும் ஒரு பத்தி எழுதினேன். வாரியத்தின் வக்கீல் சாய்நாத் அதைப் படித்துவிட்டு, "டீயெல்லாமா மேடம் கோர்ட்டுக்கு வரும்?" என்று சிரித்தான். என்னைவிட வயதில் சின்னவன், கெட்டிக்காரன். உள்ளே எதிரும் புதிருமாக நின்றாலும் வெளியே சுப்பம்மா வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றுதான் குடிப்போம்.

வழக்கு வாய்தா வாய்தாவாக நடந்து, கடைசியில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பாயத்துக்கு வாரியத்தின் நிழல் படாத தனி இடம் வேண்டும். தனி ஊழியர், தனி நிதி. தலைவரையும் உறுப்பினரையும் ஒரு நீதிபதி தலைமையிலான குழு தேர்ந்தெடுக்கும். எழுபது வயது வரை இருக்கலாம், அதற்கு மேல் நீட்டிப்பு என்ற தூண்டில் கிடையாது. நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. டீயைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தனி இடம் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் கிடைத்தது. மூடிப்போன மழலையர் பள்ளி. தனி நிதி வெள்ளையடிக்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை என்பதால் சுவர்ப் படங்கள் அப்படியே இருந்தன. மாடியில் முதல் அறையில் தலைவர், அவர் தலைக்கு மேலே ஒரு ஆடு. அடுத்த அறையில் உறுப்பினர், அவருக்கு மேலே குடை பிடித்த யானை. நான் வாதாடிய கோர்ட்டுகளிலேயே மனத்துக்கு உகந்தது அதுதான். யாரும் ரொம்ப நேரம் முறைப்பாக இருக்க முடியாது.

துரைராஜிடம் விருப்பம் கேட்டார்கள். வாரியத்துக்குத் திரும்பாமல் தீர்ப்பாயத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். சுப்பம்மாவிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. அவளாகவே வண்டியைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து சந்து முனையில் நிறுத்தினாள். "ஜட்ஜி எங்க போறாரோ கேசு அங்க போவும். கேசு எங்க போவுதோ அங்கதான் டீ விக்கும்" என்றாள். வீடும் நடக்கிற தூரத்தில் வந்துவிட்டது.

புதிய தலைவர் சுவாமிநாதன், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. அவர் பொறுப்பேற்ற முதல் நாள், வாரியத்து கேன்டீன் ஆள் பழைய பழக்கத்தில் ஃபிளாஸ்க்கும் பிஸ்கட்டுமாக வந்து நின்றான். சுவாமிநாதன் எழுந்து நின்று கும்பிட்டு, "ரொம்ப சந்தோஷம். இனிமே சிரமப்பட வேண்டாம்னு சொல்லுங்கோ" என்று திருப்பி அனுப்பினார். அப்புறம் துரைராஜைப் பார்த்து, "இங்கே நல்ல டீ எங்கே கிடைக்கும்?" என்றார்.

அன்றிலிருந்து பதினோரு மணிக்கு சுப்பம்மாவின் டீ மாடியேறியது. அவர் தன் பையிலிருந்து காசு கொடுத்தார். முதல் வாய் குடித்துவிட்டு "பேஷ்!" என்றாராம். துரைராஜ் கீழே வந்து அதை அப்படியே சொன்னபோது சுப்பம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனுவில் நான் எழுதிய டீ பத்தி ஜெயித்துவிட்டது என்று சாய்நாத்திடம் நான் பீற்றிக்கொண்டேன்.

இதற்கிடையில் சுப்பம்மாவின் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதாக வாரியம் அறிவித்தது. இருந்த குடும்பங்களுக்கெல்லாம் அதே இடத்தில் வீடு உண்டு. கட்டி முடிக்கும்வரை கால்வாய் ஓரத்திலேயே தகரக் கொட்டகை. சுப்பம்மாவும் ஒரு கொட்டகையில் வெயிலிலும் மழையிலும் காலம் தள்ளினாள். "தகரத்துல தண்ணி வெச்சா டீ தானா கொதிக்கும், அம்மாஞ் சூடு" என்பாள். கட்டடம் எழும்ப எழும்ப, எந்த மாடியில் எந்த ஜன்னல் தனக்கு வரும் என்று தினம் ஒன்றைக் காட்டுவாள்.

கட்டி முடித்துப் பட்டியல் ஒட்டியபோது அவள் பெயர் இல்லை. அவளுக்கு ஒதுக்கியிருந்தது பெருங்குடியையும் தாண்டி, ஊருக்கு வெளியே எங்கோ ஒரு வீடு. காரணம் கேட்டால், இடிப்பதற்கு முன் கணக்கெடுக்க வந்தவர் அவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்ததைப் பார்த்து 'வசிக்கவில்லை' என்று குறித்துவிட்டாராம். வந்தது காலை பதினோரு மணி சுமாருக்கு. அந்த நேரத்தில் அவள் சந்து முனையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"பூட்டிக்கினு போனா வசிக்கலன்னு அர்த்தமா ரஞ்சிம்மா? அந்தாளு வூட்ல தெறந்து போட்டுட்டா வேலைக்குப் போறாரு?"

அன்றைய டீ போல் நான் இதுவரை குடித்ததில்லை. ஆனால் விஷயம் விளையாட்டில்லை. விடியுமுன் பால் வாங்கி அடுப்பு மூட்டுகிறவள் அவ்வளவு தூரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து சேரும்போது பாதி மயிலாப்பூர் ஆபீஸுக்குப் போயிருக்கும். வீடு போனால் கடையும் போயிற்று. ரத்னா கல்யாணமாகிப் பெருங்குடியில் இருக்கிறாள், ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. "என்னாண்ட வந்துடும்மா" என்று அழைத்தாள். "மருமவன் வூட்ல குந்திகினு டிவி பாக்கறதுக்கா நான் கீறேன்?" என்று சொல்லிவிட்டு சுப்பம்மா தீர்ப்பாயத்தில் முறையிட என் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வழக்கு முதல் தடவை கூப்பிட்ட நாளை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு வரும். சுப்பம்மாவே அன்று டீ எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்திருந்தாள், எப்படியும் கோர்ட்டுக்கு வர வேண்டுமே என்று. தலைவரின் மேஜையில் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பினாள். துரைராஜ் பத்தடி தூரத்தில் நின்ற அவளையே பார்த்துக்கொண்டு, விதிப்படி, தெருக்கோடி வரை கேட்கும்படி, "மனுதாரர் சுப்பம்மா! சுப்பம்மா! சுப்பம்மா!" என்றார்.

"இங்கதான்யா கீறேன், ஏன் கத்தறே?" என்றாள் சுப்பம்மா.

சுவாமிநாதன் கிளாஸைப் பார்த்தார். சுப்பம்மாவைப் பார்த்தார். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மெதுவாக கிளாஸை மேஜை விளிம்புக்கு நகர்த்தினார்.

"மனுதாரர் கையால் நான் தினமும் டீ குடிக்கிறேன். வாரியத்துக்கு இதில் ஆட்சேபணை இருக்குமானால் சொல்லலாம்" என்றார்.

சாய்நாத் எழுந்தான். "ஆட்சேபணை இல்லை, சார். நானும் அங்கேதான் குடிக்கிறேன்."

அறையே சிரித்தது. சுவாமிநாதனும் சிரித்தார். சிரித்துவிட்டு, "உங்களுக்கு இல்லை, எனக்கு இருக்கு" என்று சொல்லி வழக்கை அடுத்த அறைக்கு, உறுப்பினர் ஜெயலக்ஷ்மியிடம் மாற்றினார். இந்த வழக்கு முடியும்வரை மாடிக்கு இந்த டீ வர வேண்டாம் என்றும் சொன்னார்.

சுப்பம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கும்பிட்ட கையோடு நேரே மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இன்னா சார் இது, நான் இன்னா விஷமா கலக்கிட்டேன்?"

கோர்ட்டில் இப்படிக் கேட்டால் வேறு யாராயிருந்தாலும் வெளியே அனுப்பியிருப்பார்கள். அவர் கோபப்படவில்லை.

"உன் டீயில ஒரு குறையும் இல்லை, சுப்பம்மா. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லியிருக்கா. மனுஷன்னா நினைக்கத்தான் செய்வான், நினைக்காம இருந்தா அவன் மனுஷனே இல்லை. ஆனா இந்த நாற்காலியில உட்கார்ந்துண்டு நான் யாரையும் நினைக்கப்படாது. அதனாலதான் வேண்டாங்கறேன்."

"என் டீல உப்பு எங்க சார் கீது?" என்றாள் சுப்பம்மா. "சக்கரைதானே போட்டுகினு கீறேன்!"

இந்தத் தடவை சுவரிலிருந்த ஆடும் அடுத்த அறை யானையும்கூடச் சிரித்திருக்கும். சுவாமிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் கிளாஸ் அவர் பக்கம் திரும்பவில்லை. துரைராஜ் அதை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

வெளியே வந்ததும் சுப்பம்மா என் மேல் பாய்ந்தாள். "எல்லாம் உன்னாலதான். நீதானே வாரியத்து டீ வாணாம்னு கேசு போட்டே? இப்ப பாரு, என் டீயும் வாணாமாம்."

நான் போட்ட ரிட் என் கட்சிக்காரியின் கிளாஸையே தட்டிவிட்டிருந்தது. வாரியத்து பிஸ்கட்டுக்கு ஒரு நியாயம், சுப்பம்மாவின் டீக்கு ஒரு நியாயம் என்று வாதாட என் வாய்க்கும் ஒரு கூச்சம் உண்டு. "அவர் செஞ்சது சரிதான், சுப்பம்மா" என்றேன். அவள் அன்று எனக்கு டீ கொடுக்கவில்லை. நானும் முறைத்துக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் நானே போய் நின்றேன், அவளும் ஒன்றும் பேசாமல் இஞ்சியை நசுக்கினாள்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். வீட்டுக்கு நடந்து போகும் சுவாமிநாதன் சந்து முனை வந்ததும் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவார். இஞ்சி வாசனை அந்தப் பக்கமும் போகுமே, அதற்கு என்ன செய்வார்? மூக்கை மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போவார். சுப்பம்மா வேண்டுமென்றே அந்த நேரத்தில் இரண்டு துண்டு இஞ்சி கூடப் போடுவாள்.

அவளுக்கு உண்மையான கவலை ஜெயலக்ஷ்மி மேடம்தான். அந்த அம்மாள் தீர்ப்பாயத்துக்கு வந்த நாளிலிருந்து வெளியே ஒரு வாய் எதுவும் சாப்பிட்டதில்லை. வீட்டிலிருந்து எவர்சில்வர் ஃபிளாஸ்க்கில் காப்பி வரும். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"காப்பி குடிக்கிறவங்களாண்டயா என் கேசு?" என்று சுப்பம்மா நொந்துகொண்டாள். "டீக்காரி கஷ்டம் அவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

இரண்டாவது வாய்தா அன்று படியேறிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் துரைராஜ் கையில் டபராவும் டம்ளருமாகப் போய்க்கொண்டிருந்தார். ஆவி பறந்தது.

"துரைராஜ், என்னது அது?"

"காப்பிம்மா. நம்ம சுப்பம்மா குடுத்துச்சு. ஜெயலக்ஷ்மி அம்மாவுக்காம். காலையிலயே ஃபில்டர் வாங்கியாந்து போட்டுகினு இருந்துச்சு."

வழக்கு நடக்கும் நாளில், மனுதாரர் தன் கையால் போட்ட காப்பியை நீதிபதியின் மேஜைக்கு அனுப்புகிறாள்! கீழே எட்டிப் பார்த்தேன். சுப்பம்மா ஆவலோடு மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மனத்தில் ஒரு கல்மிஷமும் இல்லை. நம் வாசலுக்கு வந்த மனுஷியை ஒரு வாய் நனைக்காமல் அனுப்புவதா என்பதுதான் அவளுக்கு. டீ பிடிக்காவிட்டால் காப்பி, அவ்வளவே.

வேறு வழி தெரியவில்லை. டம்ளரைப் பிடுங்கி அங்கேயே, படியில் நின்றபடி, மடமடவென்று குடித்துவிட்டேன். சாட்சியத்தை அழிப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காப்பியை உள்ளே இறக்கியதே தண்டனைதான். நாற்பது வருஷமாகக் காப்பி குடிக்கிறேன், அதைப் போல் ஒன்றை எந்த ஊரிலும் குடித்ததில்லை. அதில் இஞ்சி வேறு போட்டிருந்தாள்.

அன்று கூப்பிடும்போது துரைராஜ் இன்னொரு காரியம் செய்தார். 'நம்ம வாரியம்' என்ற பழக்கத்தைப் பாடுபட்டு விட்டிருந்தவர், வாய் தவறி, "மனுதாரர் நம்ம சுப்பம்மா!" என்று முழங்கிவிட்டார்.

சாய்நாத் துள்ளி எழுந்தான். எனக்கே அவன் பக்கம் நியாயம் என்று தோன்றியது.

"துரைராஜ்," என்றார் ஜெயலக்ஷ்மி மேடம், தலையை நிமிர்த்தாமல். "இந்த அறையில் நம்ம என்று யாரும் கிடையாது. மறுபடியும் கூப்பிடுங்கள்."

துரைராஜ் வெறும் சுப்பம்மாவை மூன்று முறை கூப்பிட்டார். சுப்பம்மா என் காதில், "பாத்தியா, இந்தம்மாக்கு என்னைக் கண்டாலே ஆவல" என்றாள்.

எனக்கும் அன்று அப்படித்தான் பட்டது. மேடம் என்னைக் கேட்ட கேள்விகளில் எனக்கு வியர்த்துவிட்டது. மனுதாரர் அங்கே வசித்தார் என்பதற்கு என்ன ஆதாரம், பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடந்தால் வாரியம் எப்படி அறியும், ஆட்சேபணை தெரிவிக்கக் கொடுத்த அவகாசத்தில் ஏன் தெரிவிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் குடைந்தார். சுப்பம்மாவைக் கூண்டுக்குக் கூப்பிட்டார்.

"கணக்கெடுக்க வந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"இதோ, இந்த சாய்நாத் சாருக்கு டீ போட்டுகினு இருந்தேம்மா."

சிரிப்பு எழுந்தது. சாய்நாத்துக்குக் காது சிவந்துவிட்டது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "வக்கீல் டீ குடித்ததை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது" என்றார். சுப்பம்மாவின் முகம் விழுந்துவிட்டது. போயிற்று, இனி இவள் பெருங்குடிக்கும் அப்பாலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

மேடம் சாய்நாத் பக்கம் திரும்பினார்.

"இடித்த பிறகு இவருக்குத் தகரக் கொட்டகை கொடுத்தது யார்?"

"வாரியம்தான், மேடம்."

"யாருக்குக் கொடுப்பீர்கள்?"

"அங்கே வசித்த குடும்பங்களுக்கு..."

அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. வசிக்காத ஒருத்திக்கு வாரியம் எதற்காகக் கொட்டகை கொடுத்தது? கதவு பூட்டியிருந்தால் இன்னொரு வேளை வந்து பார்க்க வேண்டும் என்ற வாரியத்தின் சொந்த விதி எங்கே போயிற்று? நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்ததை அந்த அம்மாள் இரண்டு கேள்வியில் முடித்துவிட்டார். சாய்நாத் நேர்மையானவன். "இரண்டாம் தடவை போனதற்குப் பதிவு எதுவும் இல்லை, மேடம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வாய்தாவில், குடை பிடித்த யானைக்குக் கீழே உட்கார்ந்து ஜெயலக்ஷ்மி மேடம் தீர்ப்பு வாசித்தார். பட்டியலில் சுப்பம்மாவின் பெயரைச் சேர்க்க வேண்டும், புதிய கட்டடத்திலேயே வீடு கொடுக்க வேண்டும். அவள் என்னைக் கட்டிக்கொண்ட வேகத்தில் என் கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்துப் போயிற்று. அது இன்னும் அந்த அறையில்தான் எங்கேயோ கிடக்கிறது.

கீழே இறங்கினாளோ இல்லையோ, சந்துக்கே டீ. ஆட்டோக்காரர், பூக்காரி, அடுத்த வழக்குக்கு வந்தவர்கள், தோற்ற சாய்நாத் எல்லாருக்கும். சாய்நாத் இரண்டு கிளாஸ் குடித்தான். துரைராஜ் பழக்கதோஷத்தில் மாடிக்கு எடுத்துப் போக டீ கேரியரை நீட்டினார். சுப்பம்மா அதை வாங்கி வண்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"மேல வாணாம்யா. அப்பீலு கிப்பீலுன்னு எதுனா கீதோ இன்னாவோ" என்றாள்.

என் கிளாஸை நீட்டினேன், நிரப்பினாள். சர்க்கரை இரண்டு தடவை விழுந்திருந்தது, இஞ்சி இல்லவே இல்லை. அன்றைக்கு அதுதான் எனக்கு அமிர்தம்.

வாரியம் அப்பீலுக்குப் போகவில்லை. சாவி கைக்கு வந்தது. அதற்குள் சுவாமிநாதனுக்கும் எழுபது வயது நிறைந்து, தலைவர் பதவியிலிருந்து விடைபெற்றிருந்தார்.

பால் காய்ச்ச நல்ல நாள் பார்த்து எங்களைக் கூப்பிட்டாள் சுப்பம்மா. இரண்டாவது மாடி. அவள் தினம் தினம் காட்டிய ஜன்னல்களில் ஒன்றுகூட இது இல்லை, ஆனால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மயிலாப்பூர்க் கோபுரம் துண்டாகத் தெரிந்தது. ரத்னா குடும்பத்தோடு வந்திருந்தாள். துரைராஜ் உடுப்பில்லாமல் வேட்டி சட்டையில் வந்திருந்தார். "லீவு எழுதிக் குடுத்துட்டுதாம்மா வந்து கீறேன்" என்று நான் கேட்காமலே சொன்னார். வாசலில் ஒதுங்கி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"வீட்டுக்காரி சுப்பம்மா! சுப்பம்மா! சுப்பம்மா!"

கையில் உப்பும் மஞ்சளும் வைத்த தட்டோடு சுப்பம்மா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க ரத்னாவை எதற்கோ அதட்டினேன்.

பால் பொங்கியது. அந்தப் பாலிலேயே டீ போட்டாள். பட்டுக்கரை வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த சுவாமிநாதனுக்குத்தான் முதல் கிளாஸ். எத்தனை மாதமாக எதிர்ப்பக்கம் நடந்து போன மனிதர்! இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் இழுத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"சுப்பம்மா! என்னது, உப்புக் கரிக்கறது?"

"ஆமா சார். இப்பதான் போட்டேன்" என்றாள் அவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "கேசும் முடிஞ்சிச்சு, உங்க வேலையும் முடிஞ்சிச்சு. இனிமே உள்ளளவும் நெனச்சுக்கலாம் இல்ல?"

அவர் சிரித்த சிரிப்பில் டீ வேட்டியில் சிந்தியது. சிரித்து முடித்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அதைக் குடித்தார். அப்புறம்தான் சர்க்கரை போட்டது ஒன்று கேட்டு வாங்கினார்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி எட்டிப் பார்த்து, "இவருதான் உனக்கு வூடு தீர்ப்பு சொன்ன ஜட்ஜியா?" என்று கேட்டாள்.

"இவரு இல்ல. அது ஜெயலக்ஷ்மி அம்மா."

"அவங்கோ வர்லயா? நீ கூப்பிடலயா?"

"கூப்பிட மாட்டேன். கூப்பிட்டாலும் வர மாட்டாங்கோ" என்றாள் சுப்பம்மா. ரத்னாவின் கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை. "எனக்கு நியாயம் சொன்னவங்கோ என் டீய ஒரு நாளு, ஒரு சொட்டு குடிச்சதில்ல, தெரிமா?"